தேய்பிறைச் சாட்சி

மானை எரிக்க வைக்கோல் போதாது. காய்ந்த விறகு வேண்டும், கொஞ்சம் மண்ணெண்ணெய் வேண்டும், இரண்டு சாட்சிகள் வேண்டும். விறகையும் மண்ணெண்ணெயையும் வனத்துறைக்காரர்கள் கொண்டுவந்துவிடுவார்கள். சாட்சிகளில் ஒருவன் நான்.

அன்று காலை வெயில் இன்னும் மலை முகட்டைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கவில்லை. கிரிவலப் பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே, பாறைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் விறகை அடுக்கியிருந்தார்கள். அதன்மேல் ஒரு பெண் மான். கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்துவிட்டுத் தைத்த நூல் வயிற்றில் வெள்ளையாகத் தெரிந்தது. கண்ணின் பளபளப்பு போயிருந்தது. மூக்கின் ஈரம் போயிருந்தது. உடம்பில் புள்ளிகள் மட்டும் அப்படியே இருந்தன.

முதலில் மயிர் பொசுங்கும் நாற்றம் வரும். அதன்பிறகு வருவதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அது சமையல் வாசனை.

என்னோடு நின்ற இன்னொரு சாட்சி சலாம் பாய். எங்கள் சாலையில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார்.

"நாத்தத்துக்கு மூடலை சார். பசிச்சுடுமோனு பயமா கீது" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

ஏன் எரிக்க வேண்டும் என்று இந்தத் தொடரைப் படிப்பவர்கள் கேட்கலாம். புதைத்தால் தோண்டி எடுத்துவிடுவார்கள். தோலுக்கு ஆள் உண்டு, கொம்புக்கு ஆள் உண்டு, கறிக்குச் சொல்லவே வேண்டாம். அதனால் ஒரு துண்டு எலும்பும் மிஞ்சாமல் சாம்பலாகும்வரை நின்று பார்த்து, "எங்கள் முன்னிலையில் எரிக்கப்பட்டது" என்று மகஜர் என்னும் சாட்சி அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும். உயிரோடிருக்கும் மானைவிடச் செத்த மானை நமது சட்டம் அதிகக் கவனமாகக் காப்பாற்றுகிறது.

வேலை கிடைத்த விதம்

வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றேன். வேங்கிக்காலில் புதிது புதிதாக முளைத்த மனைப்பிரிவுகளில் ஒன்றை வாங்கச் சொல்லி நண்பர்கள் வற்புறுத்தினார்கள். அந்த மனைகள் முன்பு என்னவாக இருந்தன என்பதை ஆவணங்களில் பார்த்தவன் நான். ஏரியின் வாயில் வீடு கட்டிக்கொள்ள மனம் வரவில்லை. அடி அண்ணாமலையைத் தாண்டி, கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு சந்தில் சின்ன வீடு கட்டிக்கொண்டேன். சமையலறை ஜன்னலைத் திறந்தால் மலை.

குடிவந்த கொஞ்ச நாளில் கதவைத் தட்டினாள் கலைச்செல்வி. எங்கள் பகுதியின் வனக்காப்பாளர். காக்கிச் சட்டை, வாரி முடிந்த தலை, காலில் பெரிய பூட்ஸ்.

"சார், நீங்க கவர்மெண்ட்ல இருந்தவராமே. ஒரு மான் செத்துப்போச்சு. சாட்சிக் கையெழுத்து வேணும். யாரைக் கேட்டாலும் கோர்ட்டுக்குக் கூப்பிடுவாங்கனு பயந்து ஓடறாங்க."

"கோர்ட்டுக்குக் கூப்பிட மாட்டாங்க. குற்றவாளி யாரு?"

"நாய் சார்."

"நாய்க்கு சம்மன் சார்பு செய்ய முடியாது. வர்றேன்."

அன்றிலிருந்து அந்த வேலை எனக்கு நிரந்தரமானது. பணி வரன்முறை, சம்பளம், ஓய்வு வயது எதுவும் இல்லாத ஒரே அரசு வேலை.

என் மனைவி சரோஜாவுக்கு இது பிடிக்கவில்லை. நான் போய்விட்டு வந்தால் கொல்லைப்பக்கமாகவே வரச் சொல்லி, தலையில் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் உள்ளே விடுவாள்.

"ரிட்டயர்டு ஆனப்புறம் ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட ஆள் இல்லை. மான் சாவுக்கு மட்டும் தவறாம வந்துடுது அழைப்பு" என்பாள். சொல்லிவிட்டு, "இன்னைக்கு எது? குட்டியா, பெருசா?" என்று கேட்காமலும் இருக்க மாட்டாள்.

மொட்டை மலை

நான் வேலையில் சேர்ந்து இந்த ஊருக்கு முதன்முதலில் வந்தபோது மலை மொட்டையாக இருந்தது. பாறையும், பாறையிடுக்கில் எலுமிச்சைப்புல்லும்தான். கோடையில் யாராவது ஒரு பாறையில் சூடம் ஏற்றிவிட்டுப் போவார்கள். புல் பற்றிக்கொள்ளும். இரவில் மலையில் நெருப்பு மாலைபோல் ஊர்ந்து போவதைக் கீழே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதில் வெந்துபோன ஆமைகளையும் உடும்புகளையும் யாரும் பார்த்ததில்லை. மறுநாள் ஏறிப் பார்ப்பது யாருடைய வேலையும் இல்லை.

பிறகு யார் யாரோ வந்து மரம் வைத்தார்கள். உள்ளூர்க்காரர்கள், வெளியூர்க்காரர்கள், செங்கம் ரோடு பக்கம் அறை எடுத்துத் தங்கிய வெள்ளைக்காரர்கள், வனத்துறை. இதில் யாருக்குப் பெருமை அதிகம் என்ற சண்டைக்குள் நான் போகப்போவதில்லை. குடத்தில் தண்ணீர் சுமந்து மேலேறியவர்களைக் கண்ணால் பார்த்தவன். நெருப்புக்குத் தடம் வெட்டினார்கள். புங்கமும் உசிலையும் நாவலும் மெல்ல எழுந்தன.

நிழல் வந்ததும் மான் வந்தது. இப்போது காலையில் நடக்கப் போகிறவர்கள் கம்பி வேலிக்கு அந்தப்புறம் கூட்டமாக நின்று காதை ஆட்டும் புள்ளிமான்களைப் பார்க்கலாம். குழந்தைகள் பிஸ்கட்டை நீட்டுவார்கள். பெரியவர்கள் செல்போனை நீட்டுவார்கள்.

மரம் வளர்ந்ததால் மான் வந்தது. அடுத்து வந்த கூட்டம் வேறொரு காரணத்தால் வந்தது. அதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு நாளாயிற்று.

பௌர்ணமிச் சோறு

வெளியூர் வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மலையைச் சுற்ற லட்சக்கணக்கில் மக்கள் வருகிறார்கள். அவர்களுக்குச் சோறு போடுவதை இந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் பெரிய புண்ணியமாக நினைக்கிறார்கள். பாதை நெடுக சாம்பார் சாதம், புளிசாதம், பொங்கல், சுண்டல். இதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும். எந்த இடம், யார் சமைப்பது, முடிந்ததும் இடத்தைச் சுத்தம் செய்து தருவதாக உறுதி, எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்கிறார்கள். நானே பலருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அப்படி எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர் ஏகாம்பரம். அடி அண்ணாமலை விவசாயி. கொஞ்சம் நிலம், ஒரு டிராக்டர். வயது என்னைவிடக் கம்மி, உழைப்பு ஜாஸ்தி. அவருடைய மகன் தினேஷ் சில வருடங்களுக்கு முன் செங்கம் ரோட்டில் பைக் விபத்தில் போய்விட்டான். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பையன். அதன்பிறகு ஏகாம்பரம் தன் உயிர் இருக்கும்வரை பௌர்ணமிதோறும் மகன் பேரில் அன்னமிடுவதாக நேர்ந்துகொண்டார். ஒரு பௌர்ணமி தவறியதில்லை. காய்ச்சலோடு நின்று கரண்டி பிடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

அன்னமிடுவதில் அவருக்கு இரண்டு விதிகள் உண்டு. கடைசியாக வருகிறவருக்கு இல்லை என்று சொல்லக்கூடாது. அதனால் எப்போதும் தேவைக்கு மேல் சமைப்பார். இரண்டாவது, மீந்த சோறு வீட்டுக்குத் திரும்பக்கூடாது. கொடுக்கிறேன் என்று சொன்னதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் பையனுக்குப் போய்ச் சேராது என்பார். அதனால் மீந்ததை மறுநாள் காலை அண்டாவோடு தூக்கிப்போய் வேலி ஓரம், ஒரு குழிந்த பாறையில் கொட்டுவார்.

"மானுக்கு சார்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "தினேஷ் சின்னப் புள்ளையா இருக்கச்சே வண்டி டேங்க் மேல உக்காந்துக்கினு மான் பார்க்கணும்னு அடம் பிடிப்பான். இங்கதான் இட்டாந்து காட்டுவேன். அதான் இங்க கொட்டறேன். சாயங்காலம் வந்து பாருங்க, ஒரு பருக்கை இருக்காது. எல்லாம் துன்னுட்டுப் போயிடுது."

பாறை காலியாகத்தான் இருந்தது. அது எனக்கும் தெரியும்.

காலில் ஒட்டிய தட்டு

சாட்சியாகப் போகும்போதெல்லாம் ஒரு சின்ன எரிச்சல் எனக்கு உண்டு. செருப்பில் சாப்பாட்டுத் தட்டு ஒட்டிக்கொள்ளும். வெள்ளி முலாம் பூசிய காகிதத் தட்டு. குழம்பு காய்ந்து பசைபோல் ஆகியிருக்கும். ஒரு காலால் தேய்த்து எடுத்தால் அடுத்த காலில் ஒட்டும்.

ஒருநாள் அதை எடுத்துப்போடக் குனிந்தபோதுதான் தோன்றியது. நான் வரும்போதெல்லாம் ஏன் இந்தத் தட்டுகள் கிடக்கின்றன? துப்புரவுப் பணியாளர்கள் ஒரு வாரத்துக்குள் பாதையைச் சுத்தம் செய்துவிடுவார்கள். அமாவாசையை ஒட்டிய நாட்களில் பாதை துடைத்ததுபோல் இருக்கும். அந்த நாட்களில் எனக்கு போன் வருவதில்லை. போன் வருவதெல்லாம் தேய்பிறையில்தான், பௌர்ணமி முடிந்த சில நாட்களுக்குள்.

கலைச்செல்வியிடம் சொன்னேன். அவளுக்கு அது புதிதாக இல்லை.

"ஆமா சார். பௌர்ணமிக்கு டவுன்ல இருந்து, சுத்துப்பட்டு ஊர்ல இருந்தெல்லாம் நாய் வருது. மலை ஓரம் கொட்டற சோத்தை ரெண்டு மூணு நாள் தின்னும். அப்புறம் சோறு தீர்ந்துடும். வந்த நாய் திரும்பிப் போறதில்லை. மேல ஏறிடுது."

"மான் ஓடிடாதா?"

"ஓடும். நாய் கீழ்ப்பக்கமா துரத்தும். கீழ நம்ம வேலி இருக்குதில்ல. அதுல வந்து முட்டிக்கும்."

மானைக் காப்பாற்றப் போட்ட வேலி. நாய்களுக்கு அது கீழ்ப்பக்கத்தை அடைத்து நிற்கும் கூட்டாளியாக வேலை செய்தது.

திங்கட்கிழமை

எனக்குத் தெரிந்த வழியில் முதலில் முயன்றேன். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று மனு கொடுத்தேன். எப்படி எழுதினால் ஒதுக்கித் தள்ள முடியாதோ அப்படி எழுதினேன். பொருள், பார்வை, கோரிக்கை, நகல் யார் யாருக்கு என்று ஒழுங்காக.

பதில்கள் வந்தன. எனக்கு பதில் வராமல் போகாது. காடு எங்களுடையது, நாய் எங்களுடையது அல்ல என்று ஒரு அலுவலகம் எழுதியது. நாய்க்குக் கருத்தடை செய்வோம், பிடித்துக்கொண்டு வந்து தருவது உள்ளாட்சியின் வேலை என்றது இன்னொன்று. உள்ளாட்சி, சோறு கொட்டும் இடம் வன எல்லைக்குள் வருகிறது என்றது. அனுமதி வழங்கும் அலுவலகம், அனுமதி நிபந்தனைகளில் சுத்தம் செய்வது ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கிறது என்று சுட்டிக்காட்டி, மனு முடித்துவைக்கப்பட்டதாக எழுதியது.

ஒவ்வொரு கடிதமும் பிழையில்லாத கடிதம். ஒவ்வொன்றும் உண்மை. அவற்றை வரிசையாக அடுக்கிப் படித்தால் மானைக் கொன்றது யாரும் இல்லை.

சலாம் பாய் பட்டறையில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், நீங்க எல்லா ஆபீசுக்கும் எழுதிட்டீங்க. சோறு கொட்டறவருகிட்ட சொன்னீங்களா?"

"இல்லை."

"அவரு உங்க தெருவுக்கு அடுத்த தெரு."

"தெரியும் பாய்."

"கலெக்டராபீசு இன்னா, அதைவிடப் பக்கத்துலயா கீது?" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

ஏகாம்பரத்திடம் சொன்னது

போனேன். பௌர்ணமி முடிந்த மறுநாள் மாலை. ஏகாம்பரம் களத்தில் உட்கார்ந்து அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி வள்ளியம்மாள் எனக்கு மோர் கொண்டுவந்து வைத்தார். அதைக் குடித்த பிறகு பேசியிருக்கலாம். குடிக்காமலே பேசிவிட்டேன்.

"ஏகாம்பரம், மீந்த சோத்தை அந்தப் பாறையில கொட்டாதீங்க."

"ஏன் சார்? மானுக்குத்தானே."

"மான் சாப்பிடறதில்லை. நாய் சாப்பிடுது."

"சாப்பிடட்டுமே. நாயும் ஜீவன்தானே. அது இன்னா பாவம் பண்ணுச்சு?"

"பாவம் பண்ணலை. சோறு இருக்கிற வரைக்கும் துன்னுது. தீர்ந்தப்புறம் மேல ஏறி மானைக் கடிக்குது."

அண்டாவைத் தேய்த்த கை நிற்கவில்லை.

"அப்ப நான் போடற சோறுதான் மானைக் கொல்லுதுனு சொல்றீங்க."

"உங்க சோறு மட்டும் இல்லை."

"என்னுதும்தான்."

"ஆமாம்."

"தினேஷ் பேர்ல போடற சோறு சார் அது."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "இத்தினி வருஷம் ஆபீசுல குந்திக்கினு இது கூடாது, அது கூடாதுனு எழுதினவரு நீங்க. எதையாவது நிறுத்தினாத்தான் உங்களுக்குத் தூக்கம் வரும். என் புள்ளை சோத்துல கை வெக்காதீங்க."

வள்ளியம்மாள் வாசற்படியில் நின்றிருந்தார். மோர்த் தம்ளரை எடுக்கவும் இல்லை, குடிக்கச் சொல்லவும் இல்லை. நான் எழுந்து வந்துவிட்டேன்.

அதன்பிறகு ஏகாம்பரம் என்னோடு பேசவில்லை. எதிரே வண்டியில் வந்தால் மலையைப் பார்த்துக்கொண்டு போவார். பௌர்ணமிக்குச் சோறு போட்டார். மறுநாள் பாறையில் கொட்டினார். முன்பைவிட ஒரு அண்டா ஜாஸ்தி என்று சரோஜா கேள்விப்பட்டு வந்து சொன்னாள்.

வாலாட்டிய நாய்கள்

கோடை வந்தது. மேலே சுனைகள் வற்றி, மான்கள் தண்ணீருக்காகக் கீழே இறங்கும் காலம். பௌர்ணமி கழிந்து சில நாட்களில் கலைச்செல்வியின் போன் வந்தது. கிளம்பினேன்.

சலாம் பாய் ஊரில் இல்லை. ஆம்பூரில் தங்கை மகள் கல்யாணம். இரண்டாவது சாட்சிக்கு ஆள் தேடிக்கொண்டு கலைச்செல்வி பாதையோரம் நின்றிருந்தாள். பால் ஊற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு டி.வி.எஸ்.ஐக் கைகாட்டி நிறுத்தினாள். ஏகாம்பரம்.

எங்களுக்குள் பேச்சில்லை என்பது அவளுக்குத் தெரியாது.

"ஐயா, ஒரு கையெழுத்துதான். உங்க நிலத்துக்கு நேர் எதிர்லதான் கெடக்குது."

அவர் என்னைப் பார்த்தார். வண்டியை ஸ்டாண்டு போட்டார். மூவரும் உள்ளே நடந்தோம்.

மான் வேலியை ஒட்டிக் கிடந்தது. இளம் ஆண். கொம்பு முழுதாக முற்றவில்லை. இன்னும் பஞ்சு போன்ற தோல் மூடியிருந்தது. பின்தொடை இல்லை. அவர் சோறு கொட்டும் குழிந்த பாறை அங்கிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. பாறையின் குழியில் காய்ந்த பருக்கைகள் வெயிலில் கண்ணாடிபோல் ஒட்டியிருந்தன.

நாய்கள் கொஞ்ச தூரத்தில் ஒரு புங்க மரத்து நிழலில் படுத்திருந்தன. வனத்துறை வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் கல்லெறிந்து துரத்தியிருக்கிறார். கொஞ்சம் விலகிப்போய் மறுபடி படுத்துக்கொண்டன. என்னைப் பார்த்து உறுமின. கலைச்செல்வியைப் பார்த்து உறுமின.

ஏகாம்பரம் எங்களுக்குப் பின்னால் புதரைத் தாண்டி வந்தார்.

நாய்கள் எழுந்தன. காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு, பின்பாகம் முழுவதும் ஆட, வாலை ஆட்டிக்கொண்டு அவரை நோக்கி ஓடிவந்தன. ஒன்று அவர் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒன்று மண்ணில் மல்லாந்து வயிற்றைக் காட்டியது. முன்னங்கால் மட்டும் வெள்ளையாக இருந்த ஒரு கறுப்பு நாய் அவர் கையை நக்க எம்பியது. அதன் வாயைச் சுற்றி மயிர் பழுப்பாக இறுகிக் காய்ந்திருந்தது.

பழக்கதோஷத்தில் அதன் தலையைத் தடவத் தாழ்ந்த ஏகாம்பரத்தின் கை பாதியில் நின்றது. அவர் உதைக்கவில்லை, துரத்தவில்லை. கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். நாய் எம்பி எம்பி அந்தக் கையை நக்கியது.

கலைச்செல்வி என்னைப் பார்த்தாள். நான் மலையைப் பார்த்தேன்.

மருத்துவர் வந்து, பார்த்து, எழுதி, போனார். விறகு வந்தது. தீ வைத்தார்கள். முழுதும் எரியும்வரை ஏகாம்பரம் ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார். நாய்கள் அவர் காலடியில் படுத்திருந்தன.

கலைச்செல்வி மகஜரைப் படித்துக் காட்டினாள். நாய்கள் கடித்ததால் ஏற்பட்ட காயங்களால் மரணம்.

"நாய்னு மட்டும் எழுதினா போதுமாம்மா?" என்றார் ஏகாம்பரம்.

"வேற இன்னா ஐயா எழுதணும்?"

"சோறு போட்டவன் பேரு."

அவள் மறுபடி என்னைப் பார்த்தாள். நடைமுறை தெரிந்தவன் நான்தானே.

"அதுக்கு இதுல இடம் இல்லை ஏகாம்பரம்" என்றேன்.

பல மாதங்களுக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அதுதான். அவர் தலையசைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பேனாவை வாங்கி அவர் பெயருக்குக் கீழே நான் போட்டேன்.

வீட்டுக்கு வந்த சோறு

அடுத்த பௌர்ணமிக்கு அவர் சோறு போடமாட்டார் என்று நினைத்தேன். போட்டார். கடைசியாக வந்தவருக்கும் இருந்தது. மறுநாள் காலை அண்டாவை டிராக்டரில் ஏற்றி, மலைப்பக்கம் போகாமல், தன் வீட்டுப் பக்கம் திருப்பினார்.

களத்துக்குப் பின்னால் நிலத்தில் ஆழமாக ஒரு குழி வெட்டி வைத்திருந்தார். நான் போய் நின்றேன். என்னைக் கூப்பிடவில்லை, போகாமல் இருக்க முடியவில்லை. சோற்றைக் குழியில் சரித்தார். புளிசாத வாசனை எழும்பியது. வள்ளியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"கொடுத்தது வீட்டுக்கு வரக்கூடாதுனு இருந்தேன்" என்றார், மண்ணைத் தள்ளிக்கொண்டே. "வந்துடுச்சு. அவன் வந்து கேட்டா நான் சொல்லிக்கறேன்."

நாய்கள் டிராக்டருக்குப் பின்னாலேயே வந்துவிட்டிருந்தன. அவற்றுக்கு வரப்போரம் கொஞ்சம் வைத்தார். அன்று மட்டுமல்ல, தினமும். பசித்தால்தானே மேலே ஏறும் என்பது அவர் கணக்கு.

"சாமிக்கு நேர்ந்துக்கிட்டது பத்தாதுனு இப்ப நாய்க்கும் நேர்ந்துக்கிட்டாரு" என்று வள்ளியம்மாள் சரோஜாவிடம் சொன்னாராம். கருத்தடைக்காக அந்த நாய்களை ஏற்றிப்போக ஒரு வண்டியை வரவழைத்தது என் பங்கு. ஒரு வண்டி, ஒரு கூண்டு, ஒரு டிரைவர், மூன்றும் ஒரே நாளில் வந்து சேர்வதற்கு நான் என்னவெல்லாம் செய்தேன் என்பதைப் பத்திரிகையில் எழுத முடியாது.

அதன்பின் ஏகாம்பரம் இன்னொன்றும் ஆரம்பித்தார். பௌர்ணமிக்கு மறுநாள் டிராக்டரோடு ஒவ்வொரு பந்தலாகப் போய், மீந்த சோற்றைக் கேட்டு வாங்கி வந்தார். நானும் சில நாள் டிரெய்லரில் ஏறி உட்கார்ந்து போனேன். சிலர் கொடுத்தார்கள். சிலர், "மலைக்கு வெச்ச சோத்தை மண்ணுல பொதைக்கிறியே, நல்லா இருப்பியா?" என்று கேட்டார்கள். ஒருவர், "புள்ளை போனதுல இருந்து இவரு ஒரு மாதிரி" என்று அவர் காதுபடவே சொன்னார். ஏகாம்பரம் எஞ்சினை அணைக்காமல் காத்திருப்பார். கொடுத்தால் வாங்குவார், கொடுக்காவிட்டால் அடுத்த பந்தல்.

நான் அவர்களுக்குச் சட்டப் பிரிவுகளைச் சொன்னேன். சட்டப் பிரிவைக் கேட்டு யாரும் அண்டாவைக் கொடுக்கவில்லை.

ஒரு தேய்பிறை போன் வராமலே கழிந்தது. சரோஜா அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் கலைந்துவிடும் என்று பயந்தாள் என நினைக்கிறேன்.

அடுத்த தேய்பிறையில் வந்தது.

இந்த முறை கலைச்செல்வி கேட்காமலே ஏகாம்பரத்தையும் அழைத்துக்கொண்டு போனேன். ஒரு பெண் மான், வேலியை ஒட்டி, பாதையின் மறுகோடியில். நாய்கள் பாறைமேல் உட்கார்ந்திருந்தன. நாங்கள் கிட்டப்போனதும் பல்லைக் காட்டின. அவரைப் பார்த்தும் பல்லைக் காட்டின. அவர் ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தார். வெள்ளைக் கால் கறுப்பு நாயைத் தேடினார் போலிருக்கிறது. ஒன்றும் வாலாட்டவில்லை.

"இது நம்ம நாய் இல்லை சார்" என்றார்.

அவர் முகத்தில் ஆறுதல் வருமென்று பார்த்தேன். வரவில்லை. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, வனத்துறை வண்டியிலிருந்து விறகை இறக்கக் குனிந்தார். முதல் கட்டையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி அந்த நாய்களைப் பார்த்தார்.

"எந்தப் புள்ளை பேர்ல போட்ட சோறோ" என்றார்.